பதினாலாவது இடம்

என் அத்தான் கருணாகரனிடம் "வியாபாரம் எப்படி?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஏதோ ஓடுது." தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தி.நகர்க் கடைக்குள் கால் வைக்க இடமில்லை, பில் போடுகிற பெண்ணுக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை, அப்போதும் "ஏதோ ஓடுது"தான். நன்றாகப் போகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடுமாம். கடை வாசலில் பூசணிக்காய், எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு, நாக்கைத் தொங்கப் போட்ட பொம்மை முகம் என்று ஒன்று விடாமல் மாட்டி வைத்திருக்கிறார். "கண்ணு வைக்க வர்றவன் இதையெல்லாம் பார்த்து முடிக்கிறதுக்குள்ள கடை சாத்துற நேரம் ஆயிடும் அத்தான்" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து புடவைக்கடை வைத்த மனிதருக்குக் கார் பந்தயப் பைத்தியம் எங்கே பிடித்தது என்பது அவர் மனைவியான என் அக்கா ஜெயபாரதிக்கே தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ட்ராக்கில் சீசனுக்கு முன்னால் பயிற்சி ஓட்டம் நடக்கும். கடையை அக்காவிடம் விட்டுவிட்டு, டப்பாவில் புளிசாதத்தோடு போய் வெயிலில் உட்கார்ந்துவிடுவார். திரும்பி வந்ததும் கல்லாவில் உட்கார்ந்தபடி, அந்த வருடம் ஓட்டப்போகிற பதினாலு பேரையும் கடைசியிலிருந்து முதல் இடம் வரை வரிசையாகச் சொல்வார். நான் போனில் படம் பிடித்து யூடியூபில் போடுவேன். பின்னால் பட்டுப்புடவை அடுக்கு, முன்னால் அத்தான். பந்தயக்காரர்கள் அத்தனை பேரும் அதைப் பார்ப்பார்கள்.

அவர் கணிக்கிற விதமே தனி. வேகமான ரவுண்டை அவர் பார்ப்பதே இல்லை. "வேகமா எவனும் ஓட்டுவான் மாப்ள. தப்பு பண்ணின பிறகு அடுத்த ரவுண்டு எப்படி ஓட்டுதான்னு பாரு" என்பார். அதுவும் கடையில் கற்றதுதான். நாற்பது புடவையைப் பிரிக்க வைத்துவிட்டு ஒருத்தி ஒன்றும் வாங்காமல் எழுந்து போன பிறகு, அடுத்து வருகிறவளுக்குச் சேல்ஸ்மேன் எந்த முகத்தோடு விரித்துக் காட்டுகிறான் என்று பார்த்துத்தான் அவர் ஆளை வேலைக்கு வைப்பார்.

வீட்டிலும் கடையிலும் எதையும் மூடி மறைத்துப் பேசுகிறவர், இந்தக் கணிப்பில் மட்டும் முகத்துக்கு நேரே உடைத்துச் சொல்லிவிடுவார். அடையாறில் கார் பட்டறையும் சொந்தமாகப் பந்தய டீமும் வைத்திருக்கிற அப்துல் கய்யூம் பாய் ஒரு பக்ரீதுக்கு அண்டா நிறையப் பிரியாணி அனுப்பினார். அவருடைய தங்கை மகன் உபைத் அந்த வருடம்தான் முதல்முதலாக ஓட்டினான். அத்தான் பிரியாணியைத் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, உபைதுக்கு ஒன்பதாவது இடம் என்று சொன்னார். உபைத் ஒன்பதாவதாகவே வந்தான். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி வாய்ல வந்தா வந்ததுதான்" என்று ஊரெல்லாம் சொன்னார்.

அந்தப் பாய்தான் இந்த வருடம் தன் காரை அத்தானின் ஒரே மகள் சிந்துவிடம் கொடுத்தார். கோ-கார்ட்டில் தொடங்கி, கிடைத்த வண்டியை எல்லாம் ஓட்டி, நாலைந்து வருடமாக அவள் ஏங்கிக் கிடந்த ஓட்டுநர் சீட்டு அது. அக்கா அவள் ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு மைப்பொட்டு வைத்து அனுப்பினாள்.

பயிற்சிக்கு நானும் போயிருந்தேன். நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வளைவில் கார் சுழன்று புல்லில் ஏறிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் மறுபடி ட்ராக்கில் இருந்தாள், அத்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் நின்று பார்த்து நான் கண்டதில்லை. அந்த ரவுண்டு முடிந்ததும் உட்கார்ந்து புளிசாத டப்பாவைத் திறந்தார். "எப்படி அத்தான் ஓட்டுறா?" என்றேன்.

"ஏதோ ஓட்டுதா" என்றார்.

மறுநாள் கடையில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "பதினாலாவது இடம், சிந்து. இன்னும் பக்குவம் வரணும்."

போன் திரையை விட்டு நிமிர்ந்து அவரையே பார்த்தேன். அவர் பாட்டுக்குப் பதிமூன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டிருந்தார், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பெற்ற மகளை இப்படி நாலு பேர் பார்க்கக் கடைசியில் தள்ளுகிற மனிதர் உண்டா? முடிந்ததும், "இதை அப்படியே போடவா அத்தான்?" என்று கேட்டேன். "போடு மாப்ள" என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாண கோஷ்டியைக் கவனிக்கப் போய்விட்டார். எரிச்சலோடுதான் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் கய்யூம் பாய் கடைக்கே வந்துவிட்டார். வழக்கமாக வாசலில் இருந்தே சலாம் சொல்கிறவர், அன்று நேராகக் கல்லாவுக்கு வந்தார்.

"இன்னா அண்ணாச்சி இப்டி பண்ட்டீங்க? பாப்பா நேத்து போன் பண்ணி சீட்டு வேணாம்னு சொல்ட்ச்சு."

அத்தான் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. "யாரு? சிந்துவா?"

"நானும் எவ்ளோ சொல்லிப் பாத்தேன். அப்பா சொன்னது என்னிக்கும் தப்பாப் போனதில்ல, உங்க கார வாங்கிக்கினு கடேசியா வரமாட்டேன் பாய்னு ஒரே பிடிவாதம். நேத்து சாய்ந்தரத்துக்குள்ள பேர் குடுத்தாவணும். வேற இன்னா பண்றது? உபைத் பேரக் குடுத்துட்டேன். இனிமே இந்த வருசம் மாத்த முடியாது."

ஒரு வாடிக்கையாளர் புடவையை நீட்டி விலை கேட்டார். அத்தான் அவரைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. பிறகு நாற்காலியைத் தேடிப் பின்னால் கையை நீட்டினார். நான் இழுத்துப் போட்டேன். கடையைத் திறந்த நாளிலிருந்து விலை கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் அவர் இருந்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

சாயங்காலம் அசோக் நகர் வீட்டுக்கு அவரை நான்தான் கூட்டிப்போனேன். சிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாப்பா, நான் சொன்னது நெசம் இல்லட்டி. கண்ணு பட்டுரும்னு கடைசியில வச்சேன்."

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்கப்பா."

"ஆறுதல் இல்ல. அந்த வளைவுல சுத்திட்டு வந்தியே, அடுத்த ரவுண்டு அதே எடத்துல எவனும் பயந்து முன்னாடியே பிரேக்க மிதிப்பான். நீ முந்தின ரவுண்ட விடத் தள்ளிப் போயி மிதிச்ச. ஸ்டியரிங் ஆடல. பத்து வருசமா அப்படி ஒருத்தன் ஓட்டி நான் பாக்கல."

சிந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ரவுண்டில் தான் என்ன செய்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அந்தக் கணத்தில் அவள் முகம் மாறியதைப் பார்த்திருக்கக் கூடாது என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.

"அப்போ நான் எந்த இடம்ப்பா?"

அவர் வாயைத் திறந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அவருக்குச் சொல்ல வரவில்லை! எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

"வியாபாரத்துல நீங்க 'ஏதோ ஓடுது'ன்னு சொல்றது எனக்குத் தெரியும்ப்பா. சின்ன வயசுலேர்ந்து கேக்குறேன்" என்றாள் சிந்து. "இதுலயும் அப்படிச் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க உண்மை பேசுற ஒரே இடம் இதுதான்னு நெனச்சேன்."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "போனை எடு மாப்ள."

பின்னால் புடவை அடுக்கு இல்லை. சுவரும் காலண்டரும்தான். சட்டை வியர்த்திருந்தது. இந்த முறை அவர் கடைசியிலிருந்து தொடங்கவில்லை.

"மொதல் எடம், என் மக சிந்து. போன தடவ நான் பொய் சொல்லிட்டேன். இந்த வருசம் அவளுக்குக் காரு கெடையாது. ஊரு கண்ணு ஒண்ணும் பண்ணல. பண்ணினது அப்பன் வாயி."

சிந்து எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போனை இறக்கினேன். மகளை முதல் இடம் என்று அவர் சொன்னது சமையலறைக்குக் கேட்டிருக்க வேண்டும். அக்கா பழக்கத்தில் ஒரு கை உப்பும் மிளகாயும் அள்ளிக்கொண்டு சுற்றிப் போட வந்துவிட்டாள். சாத்திய கதவையும் செருப்போடு உட்கார்ந்திருந்த அத்தானையும் மாறி மாறிப் பார்த்தபடி, யாருக்குச் சுற்றுவது என்று தெரியாமல் கூடத்தின் நடுவிலேயே நின்றாள்.