அளவெடுத்து வளர்த்த தர்பூசணி

"இருபத்திரெண்டே கால்" என்று சொல்லிக்கொண்டே தேன்மொழி இஞ்சு டேப்பை உருவினாள். காலை ஏழு மணி. பனி இன்னும் சில்வர் ஓக் மரங்களை விட்டு விலகவில்லை. அவள் காலடியில், உலர்ந்த சாமை வைக்கோல் மேல், கரும்பச்சை வரிகளோடு ஒரு தர்பூசணி உட்கார்ந்திருந்தது. காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, வீட்டின் பின்சுவரில் நேற்றைய அளவுக்குக் கீழே இன்றைய அளவைக் குறித்தாள். "நேத்திக்கி இருபத்திரெண்டு. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குப் பாவாடை தைக்கிற இடுப்பு வந்துருச்சு, பாத்துக்க" என்று பழத்திடமே சொல்லிவிட்டு எழுந்தாள்.

மலைமேல், திண்ணனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் கால்மணி நேரம் நடந்தால் தேன்மொழியின் வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின். வயது நாற்பத்து மூன்று. சுற்றுவட்டாரப் பெண்களின் அளவெல்லாம் மனப்பாடம். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்குமுன் தோளைத்தான் பார்ப்பாள். "எளைச்சுட்டீங்களாட்டம் இருக்குதுங்க. பழைய பிளவுசுல அரை இஞ்சு புடிச்சுக் குடுக்கட்டுங்களா?" என்பதுதான் அவள் நலம் விசாரிக்கும் விதம். உதட்டோரம் எப்போதும் ஒரு குண்டூசி இருக்கும். அதை எடுக்காமலே பேசுவாள், சிரிப்பாள், மிஷினுக்கு எண்ணெயும் விடுவாள்.

துணியில் இத்தனை கெட்டிக்காரியான கைக்கு மண் மட்டும் வசப்படவில்லை. கல்யாணமான புதிதில் நாற்பது மிளகுக் கொடி நட்டாள், முப்பத்தெட்டு காய்ந்துபோயின. அடுத்து அவரை. பிறகு கறிவேப்பிலை. கடைசியில் துளசிகூட ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. மாமியார் பாப்பாயி திட்டுகிறவர் அல்ல. சாமை விதைக்கிற நாளில், "நீ சோறாக்கி எடுத்துட்டு வந்தாப் போதுஞ் சாமி. உன்ற கையி கொஞ்சம் சூட்டுக்கையி" என்பார். கரிசனமாகத்தான் சொல்வார். இருபது வருடமாக, ஊரே இறங்கி விதைக்கிற காட்டுக்கு உச்சி நேரத்தில் சோற்றுத் தூக்குப்போசியோடு போய் வரப்பில் நிற்பது தேன்மொழியின் வேலை. அந்தக் கரிசனம் ஒவ்வொரு முறையும் விரலில் ஊசி ஏறினாற்போல் சுருக்கென்று இருக்கும். ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன கோடையில் வாசலூர்பட்டிக்குப் போயிருந்தாள். படகு இல்லத்துக்கு வெளியே லாரியில் வந்திறங்கிய தர்பூசணியைக் கீற்றுப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு கீற்றைத் தின்றுகொண்டே, "ஏனுங்க, இது எங்க மலையில வெளையாதுங்களா?" என்று கேட்டாள். அடிவாரத்திலிருந்து வந்திருந்த கடைக்காரர் கத்தியை நிறுத்திச் சிரித்தார். "இதுக்கு வெயிலு காயோணுமுங்க. உங்க பனிக்கெல்லாம் வராது. நீங்க குச்சிக்கிழங்கு போடுங்க."

வேறொருத்தியாக இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். தேன்மொழிக்கோ திரும்பி வருகிற பஸ்ஸில் மனசு லேசாகிக்கொண்டே வந்தது. அப்படியானால் மலையில் இதை வளர்க்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை! "மெளகு நட்டா நூறு பேரு நொட்டை சொல்லுவாங்க. இதுல நொட்டை சொல்றதுக்கு யாருக்குமே தெரியாதில்லீங்க" என்று இப்போதும் கண்ணைச் சிமிட்டுகிறாள்.

தை கடைசியில், பனி குறையத் தொடங்கியதும், வீட்டுக்குப் பின்னால் வெயில் விழுகிற கல்சுவரை ஒட்டி ஆரம்பித்தாள். கணவர் முருகானந்தம் குழி எடுத்துத் தந்தார். தொழுவுரம் கலந்து மண்ணை மேடாக்கியது அவள். முதலில் போட்ட விதைகள் அழுகிப்போயின. ஆசை மிகுதியில் வேளைக்கு ஒரு குடம் ஊற்றியிருந்தாள். மறுபடி போட்டாள். மண்ணுக்குள் விரல் விட்டு, ஒரு கணு ஆழம் காய்ந்திருந்தால்தான் தண்ணீர் என்று தனக்குத்தானே சட்டம் வைத்துக்கொண்டாள். மேட்டுக்கு மூன்று முளைத்தன. தெம்பான ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும் என்று செல்போன் வீடியோவில் ஒருவர் சொன்னார். இத்தனை வருடத்தில் தான் போட்ட விதை முளைத்து வந்ததைப் பார்த்ததே இப்போதுதான். பிடுங்கக் கை வருமா? கண்ணை மூடிக்கொண்டு மற்ற இரண்டையும் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள்.

கொடி ஓடியது. மஞ்சளாகப் பூத்தது. பூத்ததெல்லாம் உதிர்ந்தது. பாப்பாயி வந்து, உதிர்ந்த பூவில் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தேன்மொழி அன்று இரண்டு ஜாக்கெட்டுக்குக் கை மாற்றி வைத்துத் தைத்தாள். பிறகு, அதே வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டபோதுதான் விஷயம் புரிந்தது. முதலில் பூப்பவை ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். பெண் பூவுக்குக் கழுத்தடியில் பட்டாணி அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். இந்தக் குளிரில் காலையில் தேனீ வருவதில்லை என்பதால் அந்த வேலையையும் அவளே செய்தாள். ஆண் பூவின் இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவிலிருந்த மகரந்தத்தைப் பெண் பூவில் மெல்லத் தொட்டுத் தொட்டு வைத்தாள்.

"என்ன கண்ணு பண்ற?" என்றார் பின்னால் வந்து நின்ற பாப்பாயி.

"கல்யாணம் பண்ணி வெக்கறேனுங்க அத்தை."

"அய்யர் வேலையுமா பாக்கற?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நான்கு காய் நின்றது. ஒன்றைக் காட்டுப்பன்றி கொண்டுபோயிற்று. கோடை மழை கொட்டிய மறுநாள் இன்னொன்று தானாக வெடித்தது. மூன்றாவதைப் பெரிதாகிவிட்டதென்று நம்பி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அறுத்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. மிளகில் யார் சொல்வது அங்கே சட்டமோ அந்த மேல்காட்டுச் சின்னக்கண்ணு எட்டிப் பார்த்துவிட்டு, "இது பூசணியேதான் புள்ள. கூட்டு வெச்சா நல்லாருக்கும்" என்றார். பாப்பாயி உண்மையாகவே கூட்டு வைத்தார். கேலி செய்யாமல், கூட ஒரு கரண்டி கேட்டு வாங்கி எல்லோரும் சாப்பிட்டார்கள். தேன்மொழி மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்குத்தான் இந்த டேப்பும் சாக்பீஸும். சுவரில் எண்கள் ஏறிக்கொண்டே போய் இருபத்து மூன்றரையில் நின்றன. நான்கு நாள் ஒரு நூல்கூட ஏறவில்லை. நோய் வந்துவிட்டதோ என்று பதறினாள். பிறகு நிதானமாக யோசித்தாள்: வளர்த்தி நின்றால்தானே பழுக்கத் தொடங்கும்? தண்ணீரைக் குறைத்தாள். யார் வந்து, "அறுக்கலியா?" என்று கேட்டாலும், "அது சொல்லட்டுமுங்க" என்றாள். காம்பை ஒட்டிச் சுருண்டிருந்த பற்றுக்கம்பி முற்றிலும் காய்ந்து, மண்ணில் படிந்த அடிப்பக்கம் வெள்ளை மாறி வெண்ணெய் மஞ்சளாகும்வரை பன்னிரண்டு நாள் பொறுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அறுத்தார்கள். இந்த முறை அவள் யாரையும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்திருந்தார்கள். முருகானந்தம் கத்தியை நீட்ட, "நீங்களே அறுங்க" என்று தள்ளி நின்றுகொண்டாள். கத்தி முனை பட்டதுதான் தாமதம், தோல் படக்கென்று தானே விரிசல் விட்டு ஓடியது. உள்ளே சிவப்பு. ஓரம்வரை சிவப்பு. உதட்டோரக் குண்டூசியை எடுத்துச் சேலை மடிப்பில் குத்திக்கொண்டு, தேன்மொழி முதல் கீற்றைக் கடித்தாள். கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது, படகு இல்லத்துப் பழம் அளவுக்கு இல்லை. ஆனால் தர்பூசணிதான். சந்தேகமே இல்லை.

பாப்பாயி முழங்கைவரை சாறு வழியத் தின்று முடித்து, தோலைக் கீழே வைத்தார். மண்மேட்டை ஒரு பார்வை பார்த்தார். "ஏங் கண்ணு, எத்தனை நாளைக்கொருக்கா தண்ணி உட்ட?"

இருபது வருடத்தில் இந்த வீட்டில் யாரும் தேன்மொழியிடம் விவசாயம் கேட்டதில்லை. "வெரலு உட்டுப் பாத்துத்தானுங்க அத்தை… ஒரு கணு காஞ்சிருந்தா" என்றாள். குனிந்து மிச்சப் பழத்தைக் கூறு போட்டாள்.

எல்லோரும் விதையை முற்றத்துக் கோழிகளுக்குத் துப்பிக்கொண்டிருந்தார்கள். சின்னக்கண்ணு மட்டும் திரும்பி உட்கார்ந்து, உள்ளங்கையில் துப்பி, துண்டு நுனியில் துடைத்து முடிந்துகொண்டிருந்தார். தேன்மொழி பார்த்துவிட்டாள். பார்த்தது தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டிலிருந்த கீற்றுகளைப் புரட்டிப் புரட்டி, விதை நெருக்கமாக வரிசை கட்டியிருந்த ஒன்றைத் தேடியெடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.