ஆண்டவரை மேலே இழுக்கிறவர்

ஒரு படியில் முழங்காலைத் திட்டி, மறு படியில் சிலுவை போட்டு மன்னிப்புக் கேட்டு, வெண்டெலின் ஏணி ஏறுகிறார். கோயில் மச்சைத் தொடுவதற்குள் பாவமும் பரிகாரமும் சரிக்குச் சரியாகிவிடும்.

பவேரிய மலையடிவாரத்து இந்த ஊரில், விண்ணேற்பு விழாவன்று ஆண்டவர் கயிற்றில்தான் பரலோகம் போகிறார். ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய லிண்டன் மரச்சிற்பம் அது. செக்கச்சிவந்த போர்வை, ரோஜாக் கன்னம், பாதத்துக் காயத்தில் உறைந்த ரத்தம் எல்லாம் அந்தக் காலத்து வர்ணம். உச்சந்தலையில் இரும்பு வளையம். பீடத்தின் முன் நிற்கிறவரைக் கூரையின் வட்ட ஓட்டை வழியாக மச்சுக்கு இழுப்பது கோயில்பிள்ளை வெண்டெலினின் வேலை. கீழே பாட்டு, சாம்பிராணி, மணியோசை. மேலே கைராட்டினமும் வௌவால் நாற்றமும் இவரும். "நான் இல்லாட்டி அவரு இன்னும் பூமியிலதான் நின்னுக்கிட்டிருப்பாரு" என்பார். பெருமை இல்லை, இடுப்புவலி.

ஏறும்போது கயிறு முறுக்கவிழ்ந்து ஆண்டவர் சுழல்வார். மறையும் நேரத்தில் முகம் எந்தத் திசையோ, அந்த வருஷம் ஆலங்கட்டி மழை அந்தத் திசைக்கு. ஊரின் நம்பிக்கை இது. போன வருஷம் வடக்கே பார்த்தார். வடக்கே ஸாவெர் பீருக்காகப் பயிரிட்ட ஹாப்ஸ் கொடிகள் ஜூலையில் ஒரே மாலையில் நாராகக் கிழிந்தன. அதிலிருந்து பீர்க்கடையில் வெண்டெலினைக் கண்டால் ஸாவெர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். இந்த விழாவுக்கு முந்தின வாரம் மட்டும் திருப்பாமல் பேசினார்.

"இன்னொரு தரம் அடிச்சா நிலத்தை வித்துட்டு நகரத்துக்குப் போயிர வேண்டியதுதான். பாத்துச் செய்யிய்யா."

"நான் என்னத்தச் செய்யிறது? அவரா திரும்புறாரு."

"கயிறு உன் கையிலதானே இருக்கு."

தெற்கே செர்ரித் தோட்டம் வைத்திருக்கும் ஆஃப்ரா, புகைபோட்ட பன்றித்தொடை ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். "சும்மா கொடுக்குறதுண்ணே. எங்க மரமெல்லாம் இந்த வருஷம்தான் பூத்திருக்கு. வேற ஒண்ணும் சொல்லல." ஸாவெர் வீட்டிலிருந்தும் சாசேஜ் வந்தது. வெண்டெலின் இரண்டையும் தின்றார். பன்றிக்குத் திசை கிடையாது.

"ரெண்டு பக்கமும் வாங்கித் தின்னாச்சு" என்றாள் மனைவி கிரெஸென்ஸ். "எந்தப் பக்கம் அடிச்சாலும் வருஷம் பூரா நம்ம கதவைத்தான் தட்டுவாங்க. எனக்கும் வயசாச்சு, கதவைத் திறக்க முடியாது."

பங்குச்சாமியார் ஞாயிறன்று இந்த மூடநம்பிக்கையை முக்கால் மணி நேரம் கண்டித்தார். பூசை முடிந்ததும், உடுப்பு மாற்றும் சாக்ரீஸ்து அறையில் வெண்டெலினை ஓரங்கட்டி, "புது காரை எந்தப் பக்கம் நிறுத்தட்டும்?" என்று கேட்டார்.

நீங்கள் நம்புகிறீர்களா என்று யாராவது கேட்டால், வெண்டெலின் மூக்கைச் சிந்திவிட்டுச் சொல்வார்: "நான் இழுக்குறவன். நம்புறது கீழ உக்காந்திருக்குறவங்க வேலை."

விழாவன்று ஆண்டவர் ஓட்டையின் விளிம்புக்கு வந்ததும், ராட்டினத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார் வெண்டெலின். பாட்டு நின்றிருந்தது. அத்தனை முகங்களும் அண்ணாந்திருந்தன. ரோஜாக் கன்னம் மெதுவாக வடக்கே வந்தது. ஸாவெர் தொப்பியைப் பிசைந்தார். தெற்கே நகர்ந்தது, ஆஃப்ரா கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி வடக்கு. மறுபடி தெற்கு.

மேற்கே கல்லறைத் தோட்டம். அதைத் தாண்டினால் ஒரே ஒரு வீடு, வெண்டெலினுடையது. கொல்லையில் தக்காளிக்காக அவர் பாடுபட்டுப் போட்ட கண்ணாடிக் கொட்டகை.

வெண்டெலின் மண்டியிட்டு ஓட்டைக்குள் கையை விட்டார். சிவப்புப் போர்வைத் தோளைப் பற்றி, ஆண்டவரின் முகத்தை மேற்கே திருப்பி, ஆட்டம் அடங்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.