மூலைக்கொடியில் விழுந்த வீட்டு நிழல்

ஹெக்டர் இம்ரி கடலோர ஊரான பால்கெர்ரியின் ரோவர்ஸ் கால்பந்து அணிக்காக 311 ஆட்டங்கள் ஆடினார். அடித்த கோல்கள் ஒன்பது. அந்த ஒன்பதில் ஐந்து அவர் அணியின் வலைக்குள்ளேயே போய் விழுந்தவை.

பயந்த மனிதர் என்று சொல்லிவிட முடியாது. தலையில் ஆறு தையல் போட்டுக்கொண்டு திரும்ப வந்து ஆடியவர். ஆனால் கவலைப்படுவதில் அவரை மிஞ்ச அந்தக் கடலோரத்தில் ஆள் கிடையாது. ஆட்டம் மூன்று மணிக்கு என்றால் சரியாக இரண்டே முக்காலுக்கு உடைமாற்றும் அறையின் மூலையில் இருக்கும் தகர வாளியில் வாந்தி எடுப்பார். ஆடிய காலம் முழுக்க இது தவறியது ஒரே ஒரு முறைதான். 1949ஆம் வருடம், ஏதோ காரணத்தால் வயிறு அமைதியாக இருந்துவிட்டது. "டேய், ஹெக்டர் இன்னும் வாந்தி எடுக்கலடா" என்று யாரோ சொன்னதும் அறையில் இருந்த அத்தனை முகமும் செத்துப்போனது. அன்று ஏழு கோல் வாங்கினார்கள்.

பல் செட் கதையும் ஊருக்கே தெரியும். முன்பல் நான்கு போனபிறகு ஆட்டத்துக்கு முன் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, அணியின் உதவியாளரிடம் கொடுப்பார். டண்டீயில் ஆடிவிட்டு ஒரு சனிக்கிழமை திரும்பும்போது பேருந்தில் மாட்டிக்கொண்ட செட் எதிரணிக் கோல்காப்பாளருடையது, கைமாறி வந்திருந்தது. ஈறு குத்துகிறது, 'ஸ' என்றால் விசில் வருகிறது. திருப்பிக் கேட்டால் அவர் என்ன நினைப்பாரோ, நம் செட்டை அவர் ஏற்கெனவே மாட்டியிருந்தால் அதை எப்படி வாங்கி மாட்டுவது என்றெல்லாம் யோசித்து ஒன்பது நாள் கஞ்சி குடித்தே ஓட்டினார். பத்தாம் நாள் அவர் செட் தபாலில் வந்தது. கூடவே ஒரு சீட்டு: "அண்ணே, என்னுதை அனுப்புங்க. பசிக்குது."

இப்படிப்பட்டவரை மேலாளர் ஆக்கியது யார் யோசனை என்று பிறகு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1956இல் ஆக்கினார்கள். வேலையோடு ஒரு வீடும் வந்தது. மைதானத்தின் தெற்கு மூலையில் ஒட்டி நிற்கும் இரண்டு மாடிக் கல்வீடு. மாடிப் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் முழு மைதானமும் கண்ணில் விழும், காலடியில் கிடக்கும் அந்த ஒரு மூலையைத் தவிர. வேலை இருக்கும்வரை வீடு. அதை இம்ரியும் மனைவி எல்ஸ்பெத்தும் ஒருநாளும் மறந்ததில்லை.

1962 இறுதியில் ரோவர்ஸ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோற்றது. கழகத் தலைவர் நினியன் கால்டர் பேக்கரி வைத்திருப்பவர். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, கையில் ஒரு கறிப்பையை, அதாவது இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தை, கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்.

"இம்ரி, சாப்பிடு."

"சாப்பிட்டேன் மிஸ்டர் கால்டர்."

"அட சாப்பிடுய்யா. கமிட்டியில நாங்க அஞ்சு பேரும் உக்காந்து பேசினோம். கோப்பைப் போட்டியில நம்ம ஆட்டம் முடியறவரைக்கும் நீ இரு. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா?"

"அப்புறம்னா அப்புறந்தான். சூடா இருக்கு, ஊதித் தின்னு."

கோப்பையின் சீட்டுக் குலுக்கலில் ரோவர்ஸுக்கு விழுந்தது முதல் டிவிஷனைச் சேர்ந்த கிளென்லா அத்லெடிக். பால்கெர்ரி மைதானத்தில், ஜனவரி 12, சனிக்கிழமை. கிளென்லாவிடம் தோற்பது பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை, எத்தனை கோலில் என்பதில்தான் பந்தயம். எல்ஸ்பெத் அன்றே பேக்கரியிலிருந்து காலி அட்டைப்பெட்டிகள் கேட்டு வாங்கி வந்தாள்.

அந்த வருடக் குளிர் யாரும் கண்டிராத குளிர். துறைமுகத்தில் படகுக் கயிறுகள் கம்பி மாதிரி விறைத்து நின்றன. ஜனவரி 12 காலை நடுவர் பர்டி ரயிலில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர்; ஒல்லி; தொப்பியைக் கழற்றவே மாட்டார். மைதானம் ஆடத் தகுதியா என்று பார்க்க வேண்டும். இம்ரி கூடவே நடந்தார். எந்தத் திட்டமும் இல்லை. வீட்டு வாசலிலிருந்து கிளம்பியதால் முதலில் வந்தது வீட்டை ஒட்டிய மூலை. நடுவர் குதிகாலால் அழுத்தினார். காலணி சறுக்கியது. பந்தைப் போட்டுப் பார்த்தார். பந்து தார்ச்சாலையில் விழுந்ததுபோல் துள்ளிப் போனது.

"முடியாது. ஆள் காலை உடைச்சுக்குவான். புதன்கிழமை பாப்போம்."

வீட்டுக்குள் வந்த இம்ரி மேலங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மனதில் இருப்பது பயமில்லை, நிம்மதி என்று புரிய ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிக்கும் நேரம் ஆயிற்று. இன்னும் நான்கு நாள் வேலை இருக்கிறது. இன்னும் நான்கு நாள் வீடு இருக்கிறது.

புதன்கிழமை நடுவர் மறுபடி வந்தார். இந்த முறை இம்ரிக்குத் திட்டம் இருந்தது. குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே நகரும். வீட்டின் நிழல் அந்த மூலைக்கொடியைச் சுற்றிப் பாய் விரித்ததுபோல் நாள் முழுக்கக் கிடக்கும். மற்ற இடம் எப்படி இருந்தாலும் அங்கே தரை இளகாது. "இப்படி வாங்க சார், இங்கருந்து ஆரம்பிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பொய் ஒன்றும் இல்லை. எங்கிருந்தாவது ஆரம்பிக்கத்தானே வேண்டும்?

19ஆம் தேதி, 23ஆம் தேதி, 26ஆம் தேதி. ஒவ்வொரு முறையும் அதே மூலை, அதே குதிகால், அதே துள்ளல். மற்ற ஊர்களிலும் ஆட்டங்கள் நின்றுபோயிருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் இம்ரிக்குச் சாப்பாடு இறங்காத நிலை வந்தது. ஆட்ட நாளில் வாந்தி எடுத்து முடித்தால் பிறகு நிம்மதி. இப்போது ஆட்டமும் இல்லை, வாந்தியும் இல்லை, கவலை அது பாட்டுக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. விடியும்முன் எழுந்து ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பார். பூஜ்யத்துக்குக் கீழே என்றால் மூச்சு விடுவார். ஒரு கோடு ஏறியிருந்தால் போர்வைக்குள் வந்து சுருண்டுகொள்வார்.

"ஹெக்டர், ஒண்ணு எந்திரி, இல்ல படு. இப்படிப் பாதி உடம்பை வெளிய விட்டுக்கிட்டு நிக்காதே. குளிர் உள்ள வருது."

"ஒரு டிகிரி ஏறியிருக்கு எல்ஸ்பெத்."

"ஏறட்டும். எனக்கு மூக்கே மரத்துப்போச்சு."

அவள் நாளுக்கு இரண்டு தட்டு வீதம் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பால்கெர்ரி ஆட்டம் தள்ளிவைப்பு என்று போட்ட பக்கங்களாகவே பார்த்துச் சுற்றினாள். பிப்ரவரி பிறந்தபோது வீட்டில் மிஞ்சியவை இரண்டு தட்டும் ஒரு வாணலியும்தான்.

இம்ரியை அதிகமாக அறுத்தது ஊர்தான். கிளென்லாவைத் தங்கள் மண்ணில் பார்க்க வேண்டும் என்று ஊருக்கே வெறி. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாற்பது, ஐம்பது பேர் மண்வெட்டியோடு வந்து பனியை அள்ளினார்கள். பண்ணையிலிருந்து வைக்கோல் வந்தது. மைதானக் காவலர் ஆர்ச்சி லெக்கி எண்ணெய்ப் பீப்பாய்களில் துளை போட்டு நிலக்கரிக் கணப்பு செய்து கோல் முனைகளில் வைத்தார். மண்வெட்டியோடு நின்றவர்கள் இம்ரியைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

"கவலைப்படாதீங்க பாஸ்! எப்படியும் ஆட்டத்தை நடத்திப்புடுவோம்!"

"ரொம்ப நன்றிப்பா" என்றார் இம்ரி.

அணி கடற்கரையில் பயிற்சி எடுத்தது. உப்புத் தண்ணீர் பட்ட மணல் மட்டும்தான் உறையவில்லை. அங்கே ஒருநாள் கேப்டன் டாட் ரென்னி அவரை ஓரமாக இழுத்தார். ரென்னி குழாய் ரிப்பேர் செய்பவர்.

"பாஸ், உண்மையைச் சொல்லுங்க. பனி உருகுமா?"

இம்ரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் கேக்கறே?"

"உருகிச்சுன்னா உறைஞ்ச குழாயெல்லாம் ஒரே நேரத்துல வெடிச்சுப் பீச்சியடிக்கும். அன்னிக்குப் பூரா என் வீட்டு வாசல்ல ஊரே நிக்கும். கோப்பையாவது ஒண்ணாவது. சாமி சத்தியமா நான் உருகவே கூடாதுன்னு வேண்டிக்கிறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அன்று ஒரு நாள் இம்ரி இரண்டு உருளைக்கிழங்கு சாப்பிட்டார்.

பன்னிரண்டு முறை தள்ளிப்போயிற்று. பதின்மூன்றாவது தேதி பிப்ரவரி 23, சனிக்கிழமை. விடியற்காலை வெப்பமானி பூஜ்யத்துக்கு இரண்டு டிகிரி மேலே காட்டியது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் கேட்டது. ஜன்னலிலிருந்து பார்த்தபோது நடுமைதானத்தில் பச்சை தெரிந்தது. மூலை இருக்கிறது, மூலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டினார்.

ஒன்பதரைக்கு நடுவர் பர்டி வந்தார். "வாங்க சார், இப்படி..." என்று இம்ரி ஆரம்பிக்கும்முன்பே அவர் நேராக அந்த மூலைக்கு நடந்தார்.

"பன்னெண்டு தடவையும் இங்கருந்துதான ஆரம்பிச்சோம் மிஸ்டர் இம்ரி? வழக்கத்தை எதுக்கு மாத்தணும்?"

குதிகாலை ஊன்றினார். காலணி விளிம்புவரை சேற்றுக்குள் போனது. இழுத்தபோது 'சளக்' என்று சத்தம் வந்தது.

இம்ரி குனிந்து பார்த்தார். மூலையைச் சுற்றிக் கருகிய வைக்கோல் ஒதுக்கிக் கிடந்தது. சுவரோரம் மூன்று கணப்புகள், சாம்பலில் இன்னும் சூடு இருந்தது. அவற்றுக்குப் பின்னால் ஆர்ச்சி லெக்கி புகையிலைக் குழாய் புகைத்துக்கொண்டு நின்றார்.

"நடத்தலாம்" என்றார் நடுவர். சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருந்த கூட்டம் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது.

நடுவர் போனதும் இம்ரி ஆர்ச்சியிடம் வந்தார். "எப்ப வச்சே?"

"விடியறதுக்கு முன்னாடி. நீ ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தே. உன் மூக்குக்குக் கீழதான் வச்சேன். உனக்குத்தான் இந்த மூலை தெரியாதே."

"உனக்கு எப்படித் தெரியும்... நான்..."

"மூணாவது தடவையே தெரியும் ஹெக்டர். பதினாறு வருஷமா இந்த மண்ணைக் கிளறறவன்கிட்ட வந்து கேக்கறியே. நீ பாவம்னு விட்டுட்டேன். நேத்து எல்ஸ்பெத் வந்து கேட்டா. அவ கேட்டப்புறம் என்னால முடியாதுன்னு சொல்ல முடியுமா?"

எல்ஸ்பெத் சமையலறையில் மிச்சமிருந்த இரண்டு தட்டையும் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நீதான் சொன்னியா?"

"நான்தான் சொன்னேன்."

"வீடு போயிடும் எல்ஸ்பெத்."

"போகட்டும். ஆறு வாரமா நீ தூங்கல, அதனால நானும் தூங்கல. வீடு இல்லாம இருந்துக்கலாம், என் தங்கச்சி வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு. இன்னொரு வெள்ளிக்கிழமை ராத்திரி உன்கூட படுக்கறதுக்கு என்னால ஆகாது." தட்டைத் துடைத்து வைத்தாள். "சட்டையைத் திருப்பிப் போடு. ஜனங்க பாப்பாங்க."

பனி உருகினால் என்ன ஆகும் என்று ரென்னி சொன்னாரோ அதுதான் ஆனது. இரண்டரை மணிவரை கேப்டனைக் காணோம். தேவாலயத் தெருவில் ஒரு வீட்டின் பரணுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவரை இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். முழங்கைவரை நனைந்து, கையில் ஸ்பேனரோடு உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தார். சரியாக அதே நேரத்தில் இம்ரி மூலைக்குப் போய் வாளியின் மேல் குனிந்தார். ஆறு வாரத்துக்கும் சேர்த்து எடுத்தார். அறை முழுக்கக் கைதட்டியது.

"வந்துடுச்சு! பாஸுக்கு வந்துடுச்சுடா!"

முதல் பாதியில் கிளென்லா ஒரு கோல் போட்டது. நியாயமாக நான்கு போட்டிருக்க வேண்டும். சேறு மூன்றைத் தடுத்தது. இம்ரி ஆடுகளத்தின் ஓரக்கோட்டருகே மேலங்கிப் பையில் கையை விட்டு நின்றார். கையில் ஏதோ தட்டுப்பட்டது. வெப்பமானி. காலையில் ஜன்னலிலிருந்து எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

எண்பத்து நான்காவது நிமிடம். பந்து வீட்டு மூலைக்கு உருண்டது. கிளென்லாவின் பின்கள ஆள் அது தானாகக் கோட்டைத் தாண்டட்டும் என்று உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். வேறு எந்த இடமாக இருந்தாலும் தாண்டியிருக்கும். ஆர்ச்சியின் மூன்று கணப்புகள் இளக்கிய சேற்றில் பந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. ரென்னி அந்த ஆளின் இரண்டு கால்களுக்கு நடுவே காலை விட்டு, அடைத்த குழாயைக் குத்துவதுபோல் பந்தைக் கிளப்பினார். கோல் முன்னால் யாருடைய காதிலோ பட்டு அது வலைக்குள் விழுந்தது. அந்தக் காது ரோவர்ஸுடையதுதான் என்பது மட்டும் நிச்சயம். ஒன்றுக்கு ஒன்று. அதோடு முடிந்தது.

கூட்டம் கலையும்போது கால்டர் வந்தார். கையில் கறிப்பை.

"சாப்பிடு இம்ரி."

"முடிஞ்சுதா மிஸ்டர் கால்டர்?"

"எங்கய்யா முடிஞ்சுது? சமன்ல நின்னுடுச்சு. மறு ஆட்டம் இருக்கு. கோப்பையில நம்ம ஆட்டம் முடியறவரைக்கும்னுதான சொன்னோம், அதுவரைக்கும் இரு." பெருமூச்சு விட்டார். "ஊதித் தின்னு."

இம்ரி அதை முழுக்கத் தின்றார். வீட்டுக்குப் போனபோது எல்ஸ்பெத் பெட்டியிலிருந்து எதையும் வெளியே எடுக்கவில்லை; எடுக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. அன்று ஒன்பது மணிக்கே படுத்துக் காலை எட்டுவரை தூங்கினார்.

மறு ஆட்டம் கிளென்லாவின் மைதானத்தில், பிப்ரவரி 27, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. அணியின் பேருந்து காலை பதினொன்றரைக்குக் கிளம்பும்.