தொடைக்கடியில் இரண்டு கைகள்

கடல் ஊருக்குள் ஏறி இறங்கியபின் எங்கள் கோயிலில் மிஞ்சியவை நனைந்துபோன ஞானஸ்நானப் பதிவேடுகள்தான். பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதன்பின் புத்தகங்கள் பூஞ்சை பிடித்துக் கூழாகிவிட்டன; அந்தப் படங்கள்தான் மிச்சம். பிறகு கம்ப்யூட்டரில் இடம் நிரம்பி அதுவும் நின்றுபோக, நாகர்கோவிலிலிருந்து ஒருவரை வரவழைத்தோம்.

ஒல்லியான ஆள், என்னைவிட இளையவர். மவுஸைத் தொடவே இல்லை; கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் வேலை பார்த்தார். எதையாவது அழிக்கும் கட்டளை என்றால் மட்டும், தட்டி முடித்ததும் என்டரை அழுத்தாமல் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார்.

நான் தெரியாமல் போட்டு, இடம் நிரம்பிப் பாதியில் நின்றுபோன நகலை அழிக்க வேண்டும். இரண்டு ஃபோல்டரிலும் ஒரே பெயர்களில் படங்கள். வெளியே சான்றிதழுக்கு ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, நாம இப்ப எந்த ஃபோல்டருக்குள்ள நிக்கோம்?" என்றார், கையை எடுக்காமல்.

"நகலுக்குள்ளதான். சட்டுனு தட்டும்வே."

அவர் அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்துவிட்டு, நிற்கும் இடத்தைக் காட்டும் கட்டளையைத் தட்டினார். அசல் என்று வந்தது. பக்கங்களை எண்ணுவதற்காகச் சற்றுமுன் நான்தான் அவரை அதற்குள் போகச் சொல்லியிருந்தேன். என் பேச்சைக் கேட்டுத் தட்டியிருந்தால் பதிவேட்டில் பாதி போயிருக்கும்.

"எப்பிடி தம்பி சந்தேகம் வந்துது?"

"சந்தேகமெல்லாம் வரல்ல அண்ணாச்சி. முன்ன ஒருக்கா கேக்காம தட்டிட்டேன்."

என்ன போயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். திரையில் அப்போது அழிக்கும் கட்டளை எதுவும் இல்லை. அவர் கைகள் மறுபடியும் தொடைக்கடிக்குப் போயிருந்தன.