மூன்று சுற்றுப் பிரம்பு

எங்கள் வீட்டுக் கூடத்தில், கதவுக்குப் பின்னால், ஒரு தூண்டில் கம்பு பல நாள் சாய்ந்தே நின்றது. கல்மூங்கில் கம்பு. அடியில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிரம்புப் பட்டை சுற்றிய கைப்பிடி. இருபது வருடம் கைபட்டு அந்தப் பிரம்பு வெல்லத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. நடுவே மூன்று சுற்று மட்டும் அறுந்து, பட்டையின் நுனிகள் வெளியே வளைந்து நின்றன. போன மாசியில் ஜேடர்பாளையத்தில் என் மகளின் விரல்கள் பற்றிய இடம் அது. சமையலறைக்குப் போகும்போதும் வரும்போதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன்.

அந்தக் கம்பைச் செய்தவர் மேஸ்திரி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடம் வண்டிக் காகிதங்களைப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அங்கே மர வேலை முழுக்க அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை ஆட்கள் சிலர் காவிரியில் இருக்கும் ஜேடர்பாளையம் தடுப்பணைக்கு மீன் பிடிக்கப் போவார்கள். திங்கட்கிழமை காலை அவர்கள் அளக்கும் கதையைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் நான், "என்கிட்ட ஒரு தூண்டில் குடுத்துப் பாருங்க, அப்பறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டேன். பட்டறையே சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூங்கிலைத் தீயில் வாட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

கைப்பிடி சுற்றியது என் மேசைக்கு எதிரே இருந்த ஜன்னலுக்கு வெளியே. பிரம்புப் பட்டை சேலத்தில் நாற்காலி பின்னும் கடையில் வாங்கியது. அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்; டீ முடிந்ததும் எடுத்துவிட்டார். பட்டையின் தொடக்கத்தைக் கம்போடு நீளவாக்கில் படுக்க வைத்து, அதன் மேலேயே சுற்றிக்கொண்டு போனார். கட்டைவிரல் ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு தள்ளி ஒட்டியது. கடைசிப் பத்துச் சுற்றுக்கு முன் ஒரு நைலான் நூலை வளையமாக உள்ளே வைத்தார். முடிவில் பட்டை நுனியை அந்த வளையத்தில் கோத்து, நூலை ஒரே இழுப்பு. நுனி சுற்றுகளுக்கு அடியில் போய் மறைந்துவிட்டது. முடிச்சும் இல்லை, பசையும் இல்லை.

"வார்னிஷ் அடிக்கலீங்களா மேஸ்திரி? பளபளன்னு இருக்குமே" என்றேன்.

"பளபளப்பு லாரிக்கு வேணும் அம்மிணி. ஈரக்கையில வார்னிஷ் வழுக்கும். வெறும் பிரம்பு நனைஞ்சா கையப் புடிச்சுக்கும்."

அன்றைக்கு அது எனக்கு ஒரு வேலைக்காரரின் பிடிவாதமாகத்தான் பட்டது. முதல் ஞாயிறு என் கணவரோடு போய் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி மீன் பிடித்தேன். திங்கட்கிழமை அதைப் பற்றி மதியம் வரை பேசினேன். "மீனு காப்படி, பேச்சு ரெண்டு மூட்டைங்க" என்றார் மேஸ்திரி. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. என் மகள் பிறந்து, வளர்ந்து, என்னைவிட நன்றாக அந்தக் கம்பைப் பிடிக்கப் பழகிவிட்டாள்.

மாசியில் நடந்தது இவ்வளவுதான். தூண்டில் முள் பாறை இடுக்கில் சிக்கியது. கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, முள்ளை எடுக்க அவள் இறங்கினாள். பாசி. சத்தமே இல்லை. நின்ற இடத்தில் அவள் இல்லை. கொஞ்சம் தள்ளி, ஆற்றின் இழுப்பில், பாறை விளிம்பைப் பற்றியபடி தலை மட்டும் தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. கத்தினேனா என்பதும் நினைவில்லை. கம்பைத் திருப்பி அடிப்பக்கத்தை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் பிரம்பைப் பற்றினாள். ஈரக்கை. வழுக்கவில்லை. மீன் வறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் கரண்டியோடு ஓடிவந்து எனக்குப் பின்னால் நின்று கம்பை இழுத்தார். அவள் முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். எனக்குத்தான் இன்னும் குழாயைத் திறந்தால்கூடத் திக்கென்கிறது.

கம்பை உடைத்து அடுப்பில் வைக்கச் சொன்னார் என் கணவர். மகளோ, "கைப்பிடி மட்டும் சுத்திக் குடும்மா, நான் மறுபடி போகணும்" என்றாள். சேலம் போய்ப் பட்டை வாங்கிவந்தேன். காலையில் வாளியில் போட்டு மாலையில்தான் எடுத்தேன். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு இறுகும் என்று நினைப்பு. பயந்தவள் வேறு எப்படி நினைப்பாள்? பழைய பிரம்பைப் பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றும்போது விரல் வலிக்க வலிக்க இழுத்தேன். கல் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் சுற்றுக்குச் சுற்று இடைவெளி. ஊறிப் பருத்த பட்டை காய்ந்து சுருங்கியிருந்தது.

"அம்மா, இதுல மீன் உள்ள பூந்து வெளிய வந்துரும்" என்றாள் மகள்.

மேஸ்திரி டீ குடிக்கும் நேரத்துக்குமேல் ஊறவைக்காதது அப்போதுதான் புரிந்தது. அதுவரை அவருக்கு டீ மேல் ஆசை என்றே நினைத்திருந்தேன். இரண்டாம் முறை நானும் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டுப் பட்டையை எடுத்தேன். ஒழுங்காக வந்தது. ஆனால் அவள் கேட்டபோதெல்லாம் "இன்னும் காயலை சாமி" என்றேன். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு காலை அவள் கம்பைத் தூக்கிவந்து என் முன்னால் நிறுத்தினாள். "பங்குனி வெயில்ல மாடில போட்ட வடாம் ஒரே நாள்ல காயுது. உன் பிரம்பு மட்டும் மூணு வாரமா காயுதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது; கூடவே கண்ணும் கலங்கியது. "பயமா இருக்குது கண்ணு" என்றேன். அத்தனை நாளில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

"எனக்குந்தான்" என்றாள். "அதுக்குத்தான் சீக்கிரம் போகணுங்கறேன். நீயும் வா. பாறை மேல ஏற மாட்டேன், கரையில இருந்தே போடுறேன்."

போனோம். நான் கடைக்காரரின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னை அடையாளம் கண்டு, "இன்னைக்கு நான் ஓடியாற மாட்டனுங்க, முழங்கால் வலி" என்றார். மகள் கரையோரம் நின்று தூண்டிலை வீசினாள். பத்திரம், கால் பார்த்து வை, தள்ளி நில் என்று என் தொண்டைவரை எல்லாம் வந்தன. அப்போதுதான் பார்த்தேன், மண்புழு டப்பா என் மடியிலேயே இருந்தது. வெறும் முள்ளைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கிறாள்.

கூப்பிட்டால் அவளே வந்து வாங்கிக்கொள்வாள். நான் எழுந்தேன். சரிவில் இறங்கி, தண்ணீர் கணுக்காலைத் தொடும் இடம்வரை போய், டப்பாவை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்வதற்காகக் கம்பை என் கையில் கொடுத்தாள். அவள் கைபட்டிருந்த இடத்தில் புதுப் பிரம்பு நனைந்து கறுத்திருந்தது. அங்கேயே பிடித்துக்கொண்டேன். அவள் நிதானமாக ஒரு புழுவைக் கோத்து முடிக்கும்வரை நான் தண்ணீரிலேயே நின்றேன்.