குரங்குக் கடித் தழும்பு

எண்பதுகளின் தொடக்கம். கல்முனை ஆஸ்பத்திரியிலிருந்து வாப்பாவோடு பஸ் ஏறியபோது எனக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. வயல் வரப்பில் தண்ணீர் பாயும் வாயான வக்கடையைத் திறந்துவிட்ட வாப்பா, மூட மறந்து அயல்காரர் விதைத்த நெல்லை அழுகவைத்துவிட்டார். மறதிக்கு மருந்து கேட்டுப் போனால், ஆஸ்பத்திரியில் "வயசுதானே" என்று சத்துக்குளிசை கொடுத்து அனுப்பினார்கள்.

பக்கத்தில் இருந்தவர் தம்பிலுவில்காரர். வெளிநாட்டில் மூளை ஆராய்ச்சி, லீவில் வந்திருந்தார். மெலிந்த ஆள். பெருவிரல் தழும்பை ஓயாமல் தடவிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக் கூண்டில் கிழட்டுக் குரங்கு கடித்ததாம். வாப்பாவின் மறதியை அவரிடம் சொன்னேன்.

"ரெண்டு மூடியில ஒண்டுக்குக் கீழ கச்சான் கொட்டை வைக்கிறதக் குரங்குக்குக் காட்டுவம் தம்பி. கொஞ்சம் மறைச்சிட்டு விட்டா, இளசு உடனே எடுக்கும். கிழடு எங்கட முகத்தையே பாக்கும்."

"ஏன் சேர்?"

"மூளையில ஒரு கலம் மற்றதுக்குச் செய்தி அனுப்பும். வயசு போகப் போக அத வாங்குற வாசல் குறைஞ்சிரும்."

"அப்ப தண்ணி வருது, வக்கடைதான் அடைபட்டுக் கிடக்கு. திறக்க மருந்து தாங்களன்."

"இது நோயில்ல தம்பி. எல்லாருக்கும் வாறதுதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நோயெண்டா மருந்து கேக்கலாம். நோயில்லாட்டி நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

நிந்தவூரில் எங்கள் இறக்கம் வந்தது. வாப்பா எழும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இறக்கிவிட்டுத் திரும்பினேன். அந்த மனிதர் எங்களைப் பார்க்காமல் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம்.