இரண்டு திரையிலும் விடைகள்

புது வெர்ஷன் வந்துவிட்டது என்று தெரிந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. அன்று சனிக்கிழமை. பத்து மணிக்கு அக்காவின் டியூஷன். அதிலும் அன்று பெற்றோர்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. மணி எட்டரை. அக்கா பிள்ளைகளுக்குப் பலகாரம் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அரை மணி நேர வேலைதானே என்று கணினியில் அப்டேட்டைத் தட்டிவிட்டேன்.

அக்கா குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள். தங்கா பத்துவில் எங்கள் வீட்டு ஹாலில், சனிக்கிழமைகளில் ஆறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்தாள். பிள்ளைகள் கூடினால் தொழிற்சாலையை விட்டுவிடலாம் என்பது அவள் எண்ணம். ராஜினாமாக் கடிதத்தைக்கூட எழுதி அலமாரியில் வைத்திருந்தாள். தேதி மட்டும் போடவில்லை.

அந்த வகுப்பில் என் பங்கு இரண்டு திரைகள். மேசைமேல் அக்காவுக்கு ஒரு மானிட்டர். பிள்ளைகளுக்கு எதிரே ஒரு டிவி. தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டல் பழைய சாமான்களை விற்றபோது வாங்கியது, முதுகில் இன்னும் அறை எண் ஒட்டியிருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், வலது அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கேள்வித்தாள் டிவிக்குத் தாவும். விடைத்தாள் அக்காவின் மானிட்டரிலேயே நிற்கும். அந்த ஷார்ட்கட்டை நானே எழுதினேன் என்பதை யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்லிவிடுவேன்.

பத்து மணிக்குச் சற்று முன்புதான் அப்டேட் முடிந்தது. எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. வால்பேப்பரை மாற்ற நேரம் இருந்தது எனக்கு. ஷார்ட்கட்டை அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

சோபாவில் மூன்று அம்மாக்கள். அவர்களில் பச்சைப் பஞ்சாபி சூட் போட்டிருந்தவர், டவுன் டியூஷன் சென்டரில் ஏர்கோன் இருப்பதை வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அக்கா அழுத்தினாள். ஒன்றும் தாவவில்லை. மறுபடி அழுத்தினாள். மானிட்டரில் இருந்தது அப்படியே டிவியிலும் தெரிந்தது. அது விடைத்தாள். பிள்ளைகள் பேசாமல் பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள்.

நான் ஓடிப்போய் செட்டிங்கைத் திறந்து எதையோ மாற்றினேன். டிவி இருண்டது. படம் திரும்பி வந்தபோது விடைகள் தலைகீழாக நின்றன. பிள்ளைகளும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு எழுதினார்கள். ஒருவழியாக நிமிர்த்தினேன். அதற்குமேல் அக்கா விடவில்லை.

"போதும்லா. கைய எடுடி."

சுவரோரம் போய் நின்றேன். அப்போது பச்சைச் சூட்காரரின் மகள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நாலாவது தப்பு. ரெண்டரை மணி நேரம் எப்படி இருநூத்தம்பது நிமிஷம்?"

விடைகளை டைப் செய்தது நான். முந்தின நாள், அவசர அவசரமாக. பின்வரிசைப் பையன் ஒருவன், கம்ப்யூட்டர் தப்பாகப் போடுமா என்று கேட்டான்.

"கம்ப்யூட்டர் போடல. அதோ செவுத்தோரமா நிக்குது பாரு, அது போட்டுச்சு," என்றாள் அக்கா.

சோபாவிலும் சிரிப்பு. அக்கா டிவியை அணைக்கவில்லை. மார்க்கர் பேனாவைக் கை தூக்கிய சிறுமியிடம் கொடுத்தாள். வேறு எது தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும், வாயால் சொன்னால் போதாது, வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்ட வேண்டும் என்றாள்.

பத்துக் கணக்கையும் சண்டை போட்டுக்கொண்டு போட்டார்கள். இன்னொரு தப்பும் கிடைத்தது. அதுவும் என்னுடையதுதான். வாங்கி வைத்த பலகாரம் யாருக்கும் நினைவில்லை.

கிளம்பும்போது பச்சைச் சூட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வீட்டுல ஒரு கணக்கு போடச் சொன்னா மூஞ்சத் தூக்கி வச்சுக்குவா. அடுத்த வாரம் எங்க லோரோங்குல பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேரையும் அழைச்சிட்டு வரேன்."

மத்தியானமே கோளாறைக் கண்டுபிடித்தேன். புது வெர்ஷன் டிவிக்கு வேறு பெயர் வைத்திருந்தது. என் ஷார்ட்கட் பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு வரி மாற்றியதும் சரியாகிவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு தடவை அழுத்திப் பார்த்து, நல்லாருக்கு என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடைகளை டைப் செய்ய உட்கார்ந்தபோது அக்கா வந்து பின்னால் நின்றாள்.

"மூணு தப்பு போடுடி. எதுன்னு எங்கிட்டயும் சொல்லாத."

அதற்கு ஒரு மாதம் கழித்து அலமாரிக் கடிதத்தில் தேதி போட்டாள். வகுப்பில் இப்போது விடைகள் இரண்டு திரையிலுமே நிற்கின்றன. ஷார்ட்கட் இன்னும் வேலை செய்கிறது. நான் மட்டும்தான் அழுத்திப் பார்க்கிறேன்.